ஆறு மில்லிமீட்டர்

இரவு ஒன்று ஐம்பதுக்குப் போக்குவரத்தை நிறுத்தினோம்,
பெங்களூர் போகிற பக்கம் மட்டும்.
இருபது நிமிடம் என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது.
லாரிக்காரர்களுக்கு அதை யார் படித்துக் காட்டுவது?

பாலத்துக்கு அடியில், நான்காம் தூணின் தலையில்,
குனிந்தால் மட்டும் கொள்கிற இடத்தில்
நான், ஜம்புலிங்கம், பம்ப் அடிக்கிற சுக்ராம்,
எட்டு ஜாக்கிகள்.
எங்கள் முதுகுக்கு மேல் முந்நூறு டன் சாலை.

அதைத் தூக்க வேண்டும்.
அதிகமில்லை, ஒரு ஊத்தப்பத்தின் கனம்.
நசுங்கிய ரப்பரை உருவிப் புதியதைச் செருகி
மறுபடி இறக்கிவிட வேண்டும்,
தூங்கும் பிள்ளைக்குத் தலையணை மாற்றுவதுபோல
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
சொன்னவருக்குப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன்.

"எவ்ளோ மேடம்?" மேலேயிருந்து நூருல்லா.
"ஆறு."
சுக்ராமுக்குச் சிரிப்பு.
ஜார்க்கண்டிலிருந்து வந்த எட்டு மாதத்தில்
பத்து வரை எண்ணக் கற்றவன்.
ஐந்துக்கு அடுத்ததும் ஆறு,
இந்த மணலுக்குப் பேரும் ஆறு என்று
போன வாரம்தான் தெரிந்தது.
அன்றிலிருந்து ஏழு சொல்வதற்கு முன்னால் ஒருமுறை
கீழே எட்டிப் பார்த்துக்கொள்கிறான்.

கீழே சீமைக்கருவேலம்.
யாரோ எரித்த தோல் துண்டுகளின் கருப்பு.
தூணோரம் நாங்கள் தோண்டிய ஊற்று மட்டும்
முழங்கால் ஆழத்தில் அசையாமல் கிடக்கிறது.
கிரீஸ் கையை அதில்தான் கழுவுகிறோம்.
குடிப்பதில்லை.

இதற்கு முன் நான் வேலை பார்த்தது
இதே பாலாறு கடலைத் தொடும் இடத்தில்.
அங்கே தூணில் சிப்பி ஒட்டும்,
உப்பு கம்பியைத் தின்னும்,
ஓதம் ஏறினால் வேலையை விட்டுச் சாரத்தில் ஏறி நிற்போம்.
அந்தப் பழக்கத்தில்
ஆற்காடு வந்த முதல் நாள் மிதவைச் சட்டை கேட்டேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை, எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார்.
தூண் பாதி முழுகிய நவம்பரில்
அவர் இங்கே இருந்திருக்கிறார்.
மதியம் அதைத் தலைக்கு வைத்துப் படுக்கிறேன்.

ஐந்து புள்ளி எட்டு.
ஒன்பது.
ஆறு.
லாக் நட்டை இறுக்குங்கள் என்கிறேன்,
சைரன்.

"மேடம், ஆம்புலன்சு ஒண்ணு வந்துகினு கீது.
வேலூர் ஆஸ்பத்திரி போவணுமாம்.
உள்ள ஒரு பொம்பள, மூச்சு வாங்குது.
இன்னா பண்ண?"

தூக்கிய பாலத்தில் வண்டி ஏறக் கூடாது.
கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.
திருப்பி அனுப்பலாம்,
அதற்குப் பின்னால் நாற்பது லாரி விலக வேண்டும்.
ஜம்புலிங்கம் எட்டு நட்டையும் தொட்டுப் பார்த்தார்,
எட்டாவதை இரண்டு முறை.
என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

"நடக்கிற வேகத்துல வுடு" என்றேன்.
என் வாயில் இந்த ஊர்ப் பேச்சு வந்த முதல் தடவை அது.

டயலின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சக்கரம் ஏறியது.
முள் மூன்று கோடு சாய்ந்தது.
ஒரு கோடு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்று.
ஓட்டுநர், ஆக்சிஜன் உருளை, கூட வந்த யாரோ,
அந்தப் பெண்,
எல்லாம் சேர்த்து மூன்று கோடு.
அவள் மட்டும் எவ்வளவு என்று பிரிக்க
என்னிடம் கருவி இல்லை.

சைரன் விஷாரம் பக்கம் தேய்ந்தது.
முள் திரும்பியது, முழுவதும் அல்ல.
கால் கோடு இருக்கலாம்.
என் கண்ணாகவும் இருக்கலாம்.
பதிவேட்டில் 2.07, ஆறு என்று மட்டும் எழுதினேன்.
வண்டியைப் பற்றி எழுதவில்லை.

பழைய ரப்பரை உருவினோம்.
ஒருபக்கம் மட்டும் பிதுங்கியிருந்தது,
வெற்றிலை அடக்கிய கன்னம்.
எத்தனை வண்டி, எத்தனை ஆம்புலன்ஸ்,
அதற்குக் கணக்குத் தெரியாது.
ஜம்புலிங்கம் அதை மணலில் எறிந்தார்.

மேலே நாற்பது ஹார்ன்.
சுக்ராம் அழுத்தத்தை விடுகிறான், சத்தமாக எண்ணிக்கொண்டே.
நாலு. அஞ்சு. ஆறு.
எட்டிப் பார்க்கிறான்.
"மேடம்" என்கிறான், "ஹில்தா ஹை."
விளக்கைக் கீழே திருப்பினேன்.
ஊற்றில் தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.